மாதவிடாயும் செமஸ்டரும்: கல்லூரி மாணவிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கலை அறிவியல் கல்லூரியில் ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் நான்கு முறையாவது பீரியட்ஸ் வந்துவிடும். முறைக்கு இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் போனால் எட்டு நாள் போச்சு. அட்டெண்டன்ஸில் அது கிட்டத்தட்ட 9 சதவீதம். 75 சதவீதம் இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள் என்னும்போது, மொத்தமாக விடுப்பு எடுக்க இடம் இருப்பதே 22 நாள்தான். எட்டைக் கழித்தால் மிச்சம் 14. டைபாய்டு வந்தாலும், பாட்டி தவறினாலும், ஊரில் கோயில் கொடை என்றாலும் அந்தப் பதினாலுக்குள் முடித்தாக வேண்டும். அதே வகுப்பில் படிக்கும் பையனுக்கு 22 நாளும் முழுசாக இருக்கிறது.

இது வராத நாட்களின் கணக்கு. வந்து உட்கார்ந்தும் ஒன்றும் மண்டையில் ஏறாத நாட்களின் கணக்கு இதைவிடப் பெரிது. நெதர்லாந்தில் 32,748 பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. மாதவிடாய்க்காக அவர்கள் வேலைக்கோ வகுப்புக்கோ போகாமல் இருந்தது ஆண்டுக்குச் சராசரியாக 1.3 நாள்தான். ஆனால் போய் உட்கார்ந்தும் வேலை ஓடாமல் வீணானது 8.9 நாள். அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வு, பல நாடுகளின் 38 ஆய்வுகளைச் சேர்த்து 21,573 இளம்பெண்களின் தகவலைப் பார்த்தது. 71 சதவீதத்தினருக்கு மாதவிடாய் வலி இருந்தது. ஐந்தில் ஒருவர் அதனால் வகுப்புக்குப் போகவில்லை. 41 சதவீதத்தினர் வகுப்பில் கவனம் சிதறுவதாகச் சொன்னார்கள்.

நான் கல்லூரியில் பாடம் எடுப்பவள், ஹாஸ்டலில் துணை வார்டனாகவும் இருந்திருக்கிறேன். முதல் வருடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து கொண்டுவரும் பாடம் ஒன்று உண்டு: "எல்லாருக்கும் வர்றதுதானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு." இந்தப் பல்லைக் கடிக்கும் பழக்கம்தான் மதிப்பெண்ணைத் தின்கிறது என்பது என் உறுதியான எண்ணம். வலியில் பெரும்பகுதியை மாத்திரையாலும் வெந்நீராலும் அடக்கிவிடலாம். அடங்காத வலி என்றால் அதற்குப் பெயரும் சிகிச்சையும் உண்டு. மீதியை, அதாவது கழிப்பறையையும் விதிமுறையையும், கல்லூரிதான் சரிசெய்ய வேண்டும். எதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: மூன்று மாதம் குறித்து வையுங்கள்

செயலி பிடிக்காதென்றால் ஒரு பாக்கெட் நோட்டு போதும். ஆரம்பித்த தேதி, எத்தனை நாள் இருந்தது, எந்த நாளில் எத்தனை நாப்கின், வலி பத்துக்கு எவ்வளவு, என்ன மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது, எந்த வகுப்பு போனது. கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் டாக்டரிடமும் டியூட்டரிடமும் பேசும்போது கைகொடுப்பது அவைதான்.

இந்த முறை ஆரம்பித்த நாளிலிருந்து அடுத்த முறை ஆரம்பிக்கும் நாள் வரை எண்ணுவதுதான் சுழற்சி. 28 என்பது சராசரிதான். 21-லிருந்து 35 நாள் வரை இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மூன்று முறை குறித்துவிட்டால் உங்கள் கணக்கு பிடிபடும். பிறகு கல்லூரி தரும் அகாடமிக் காலண்டரை எடுத்து இன்டர்னல், பிராக்டிகல், செமஸ்டர் தேதிகளுக்குப் பக்கத்தில் உத்தேச நாட்களைப் பென்சிலால் குறியுங்கள். பென்சில் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தேர்வுப் பதற்றம், தூக்கமின்மை, சாப்பிடாமல் இருப்பது எல்லாம் நாளைத் தள்ளிப்போடும். முன்னும் பின்னும் மூன்று நாள் சேர்த்துக் குறித்தால் ஏமாற்றம் இருக்காது.

ரெக்கார்டு எழுதுவது, அசைன்மென்ட், செமினாருக்குத் தயாரிப்பது போன்ற நீங்களே நாள் தள்ளக்கூடிய வேலைகளை அந்த நாட்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். முதல் இரண்டு நாளுக்குப் புதுப் பாடம் வைக்காதீர்கள். ஏற்கெனவே படித்ததைத் திருப்பிப் பார்க்க மட்டும் வையுங்கள்.

"அந்த நேரத்துல மூளையே வேலை செய்யாது மேடம்" என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2025-இல் வெளியான அலசல், நினைவாற்றலோ கணக்குப் போடும் திறனோ சுழற்சியின் நாட்களுக்கேற்ப நிலையாகக் கூடிக் குறைவதாகத் தெரியவில்லை என்கிறது. உங்கள் அறிவு அப்படியேதான் இருக்கிறது. இடைஞ்சல் செய்வது வலி, தூக்கக் கேடு, கறை படுமோ என்ற பதற்றம். இந்த மூன்றுக்கும் வழி இருக்கிறது.

இரண்டாம் படி: வலி முற்றுவதற்கு முன்பே மாத்திரை

கருப்பையின் உட்சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அதிகம் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது, அங்கே போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. அடிவயிற்று வலி அதனால்தான். அதுவே குடலையும் தொடும் என்பதால் சிலருக்கு முதல் நாள் வயிற்றுப்போக்கும் வாந்தியும் சேர்ந்து வரும்.

மெஃபனமிக் அமிலம், ஐபுபுரூஃபன், நாப்ராக்சன் ஆகிய மருந்துகள் இந்தப் பொருள் உற்பத்தியாவதையே தடுக்கின்றன. ஆகவே அது உடம்பில் குவிந்த பிறகு, வலியில் சுருண்டு படுத்த பிறகு போடுவதில் பாதிப் பலன்தான். லேசாக இழுக்க ஆரம்பித்ததும், அல்லது உதிரம் பட்டதும் போட வேண்டும். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில், முதல் ஒன்றிரண்டு நாள் மட்டும். "ஒரு மாத்திரை போட்டும் கேக்கல" என்று என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் மதியம் இரண்டு மணிக்கு, காலையில் எதுவும் சாப்பிடாத வெறும் வயிற்றில் போட்டவர்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போன பிறகே போடுங்கள்.

எல்லாருக்கும் இவை ஆகாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரை போட்டால் இழுப்பு வரும் ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்து, அது டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இந்த மாத்திரைகளே வேண்டாம். ரத்தக்கசிவு அபாயம் உண்டு. மெஃபனமிக் அமிலத்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வருவது பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரிக்கை விட்டது. மாத்திரை எடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு, நெறிகட்டு என்று வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. கடையில் பீரியட்ஸ் மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் மெஃபனமிக் அமிலத்தோடு, தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்லோமின் சேர்ந்த மாத்திரையைத்தான் தருவார்கள். டைசைக்லோமினால் சிலருக்குத் தூக்கம் வரும், வாய் உலரும், எழுத்து மங்கலாகத் தெரியும். ஆகவே எந்த மாத்திரையையும் முதன்முதலாகத் தேர்வு நாளில் போட்டுப் பார்க்காதீர்கள். முந்தின மாதம், வீட்டில் இருக்கும் நாளில் போட்டு, உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வெந்நீர் ஒத்தடத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அடிவயிற்றில் இதமான சூடு தொடர்ந்து இருந்தால் வலி நன்றாகக் குறைவது ஆய்வுகளிலும் தெரியவந்திருக்கிறது. ஹாஸ்டலில் கெட்டிலுக்கு அனுமதி இருக்காது. மெஸ்ஸில் வெந்நீர் வாங்கி ரப்பர் பையில் முக்கால் அளவு ஊற்றி, துண்டில் சுற்றி வையுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தோலைப் பொசுக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதம் முழுக்க ஓரளவு நடக்கும், ஓடும் பழக்கம் இருப்பவர்களுக்கு வலி குறைகிறது. சுக்குமல்லிக் காப்பியும் பலருக்கு இதமாகத்தான் இருக்கிறது. குடியுங்கள், மாத்திரைக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்

மதிய வகுப்பில் கண் சொருகுவது, மூன்றாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, பச்சரிசியோ சாக்பீஸோ சாம்பலோ வாயில் போட்டு மெல்லத் தோன்றுவது. இவை சோம்பேறித்தனமும் கெட்ட பழக்கமும் இல்லை, ரத்தசோகையின் அடையாளமாக இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. ஒரு வகுப்பில் பாதிப் பெண் பிள்ளைகள் என்றுதான் அர்த்தம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். அதை டீ, காப்பி, பாலோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்தில் தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்துவதுதான் எல்லாரும் செய்வது. சேமிப்பு நிரம்ப மாதக்கணக்காகும், டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை, கடலைமிட்டாய், சுண்டல். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்). ஹாஸ்டல் சாப்பாட்டில் இவை வராது என்பது எனக்குத் தெரியும். கடலைமிட்டாயும் பேரீச்சையும் அறையில் வைத்துக்கொள்ளலாம்.

ஏன் ரத்தம் குறைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மாதவிடாயில் சராசரியாகப் போவது 30 முதல் 40 மில்லி. 80-ஐத் தாண்டினால் அதிகப்போக்கு. மில்லி கணக்கு யாரும் அளக்க முடியாதுதான். நாப்கின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுதாக நனைந்துபோவது, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, இரண்டரை சென்டிமீட்டரைவிடப் பெரிய கட்டிகள், எட்டாம் நாளும் நிற்காமல் இருப்பது. இதில் எது இருந்தாலும் மாத்திரை மட்டும் போதாது, காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

நான்காம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு நாப்கின், ஓர் உள்ளாடை, பழகிய மாத்திரை, பழைய செய்தித்தாளில் இரண்டு துண்டு, சின்ன சோப்பு, அடர்நிறத் துப்பட்டா. இதை மாதம் முழுக்கப் பையிலேயே வைத்திருங்கள். நாள் பார்த்து எடுத்து வைப்போம் என்றால், முன்கூட்டியே வரும் மாதத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

பள்ளியில் தமிழக அரசின் புது யுகம் திட்டத்தில் நாப்கினை இலவசமாக வாங்கிப் பழகிய கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக்கு வந்ததும் இது தனிச் செலவு. காசை மிச்சம் பிடிக்க ஒரே நாப்கினைக் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை வைத்திருக்கிறார்கள். அரிப்பும் புண்ணும் வருகிறது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் சுவிதா நாப்கின் 2019-இலிருந்து ஒன்று ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மென்ஸ்ட்ருவல் கப், அதாவது பிறப்புறுப்புக்குள் வைத்து உதிரத்தைப் பிடிக்கும் சின்னக் கிண்ணம், பழகிவிட்டால் கல்லூரிக்கு அதைப்போல வசதி இல்லை. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கவலையில்லாமல் இருக்கலாம், ஒன்று வாங்கினால் பல வருடம் வரும். கல்யாணமாகாதவர்களும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பழகக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், ஆகவே விடுமுறையில் வீட்டில் ஆரம்பியுங்கள். தண்ணீர் ஒழுங்காக வராத கழிப்பறையைக் கொண்ட கல்லூரி என்றால், கழுவ ஒரு பாட்டில் தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: லேப், களப்பணி, தேர்வு அறை

சாதாரண வகுப்பைவிட இந்த மூன்றும்தான் சிக்கல்.

மூன்று மணி நேர லேபில் நின்றுகொண்டே இருக்க வேண்டும், நடுவில் வெளியே போனால் அளவீடு போய்விடும். ஆரம்பிப்பதற்கு முன்பே கழிப்பறை போய்விட்டு வாருங்கள். பேட்ச்சில் ஒருத்தியிடம் சொல்லி வையுங்கள்: "இன்னைக்கு எனக்கு முடியல, ரீடிங் நீ எடு, நான் உட்கார்ந்து எழுதுறேன்." லேப் அசிஸ்டென்ட்டிடம் ஒரு ஸ்டூல் கேட்க எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை கோட்டு போடுகிறவர்கள், குறிப்பாக நர்சிங் மாணவிகள், லாக்கரில் ஒரு மாற்று உடை வைத்திருப்பது நல்லது.

வேளாண் கல்லூரி மாணவிகளுக்கு வயல் பயிற்சி, நிலவியல் படிப்பவர்களுக்குக் களப்பயணம், என்.எஸ்.எஸ். முகாம், இண்டஸ்ட்ரியல் விசிட். இங்கெல்லாம் கழிப்பறையே கிடையாது என்பதுதான் பிரச்சினை. தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்குமே என்று நாள் முழுக்கக் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு திரும்பி வருகிறார்கள். பயணத் திட்டம் போடும்போதே எந்த ஊரில் வண்டி நிற்கும், அங்கே கழிப்பறை உண்டா என்று கேளுங்கள். வகுப்பு சி.ஆர். (வகுப்புப் பிரதிநிதி) கேட்டால் அது பொதுக் கேள்வி, யாருக்கும் கூச்சமில்லை. உடன்வரும் ஆசிரியர்களில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

தேர்வு அறைக்கு வருவோம். பை வெளியே இருக்கும். ஆரம்ப அரை மணியும் கடைசி அரை மணியும் பெரும்பாலும் வெளியே விடமாட்டார்கள். கழிப்பறைக்குப் போனால் கூடவே ஒருவர் வருவார். இதற்காகவே தண்ணீரும் குடிக்காமல், இரண்டு நாப்கினை அடுக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து அசைந்தால் கறை படுமோ என்ற நினைப்பிலேயே பத்து மதிப்பெண் கேள்வி பாதியில் நிற்கும். இப்படிச் செய்யுங்கள். அறைக்குள் நுழையும்போதே கண்காணிப்பாளரிடம் ஒரு வரி: "மேம், எனக்கு பீரியட்ஸ், நடுவுல ஒரு தடவை போக வேண்டியிருக்கும்." சார் என்றால் "உடம்பு சரியில்லை, நடுவில் ஒருமுறை ரெஸ்ட்ரூம் போகணும்" போதும். ஒரு நாப்கினைக் கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் கவரில் போட்டு அவர் மேசையிலேயே வைத்துவிட்டால் பிட்டு சந்தேகம் வராது. நான் கண்காணிப்புக்குப் போகும் அறைகளில் வினாத்தாள் தருமுன் நானே சொல்லிவிடுகிறேன், தேவைப்படுகிறவர்கள் கையைத் தூக்கினால் போதும், காரணம் கேட்க மாட்டேன் என்று. சொல்ல ஆகும் நேரம் அரை நிமிடம். பாதி அறையின் தோள்கள் தளர்வது கண்ணுக்கே தெரியும்.

நெடுங்கேள்விகளில் நன்றாகத் தெரிந்ததை முதலிலேயே எழுதிவிடுங்கள். மாத்திரையின் பலன் இருக்கும்போதே கடினமான பகுதி முடிந்துவிடும்.

நாள் தள்ளிப்போட மாத்திரை போடலாமா என்று ஒவ்வொரு செமஸ்டரிலும் யாராவது கேட்கிறார்கள். கோயில் விசேஷத்துக்கு அம்மாவும் சித்தியும் போடுகிற அதே நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரைதான். உத்தேச நாளுக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும். வந்த பிறகு போட்டுப் பயனில்லை. முக்கியமான பிராக்டிகலுக்கு எப்போதாவது ஒருமுறை, டாக்டர் எழுதித் தந்தால் சரி. உங்களுக்கோ ரத்த உறவுகளுக்கோ ரத்தக்கட்டு வந்த சரித்திரம் இருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். தோழியிடம் கடன் வாங்கிப் போடுகிற மாத்திரை இது இல்லை.

ஆறாம் படி: டிபார்ட்மென்டில் எப்படிப் பேசுவது

முடியாமல் போன அன்று காலையில் ஹெச்.ஓ.டி. முன்னால் நின்று அழுவதைவிட, செமஸ்டர் ஆரம்பத்தில் நிதானமாகச் சொல்லிவைப்பது ஆயிரம் மடங்கு மேல். முதலில் கிளாஸ் டியூட்டர். அவர் ஆணாக இருந்து கூச்சமாக இருந்தால் துறையில் உள்ள ஏதாவது ஒரு மேடம். வாயால் சொன்னது மறந்துபோகும், எழுத்தில் கொடுங்கள். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய மேடம், எனக்கு மாதந்தோறும் முதல் இரண்டு நாள் கடுமையான வயிற்று வலி வருகிறது. இதற்குச் சிகிச்சை எடுத்து வருகிறேன். மருத்துவர் சீட்டின் நகலை இணைத்துள்ளேன். அந்த நாட்களில் வகுப்புக்கு வர இயலாவிட்டால் காலை 9 மணிக்குள் தங்களுக்குச் செய்தி அனுப்புகிறேன். தவறிய லேப் வகுப்பை அதே வாரம் வேறு பேட்சுடன் செய்ய அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் மன்னிப்பு கிடையாது, கெஞ்சல் கிடையாது. என்ன பிரச்சினை, நான் என்ன செய்வேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். மாதவிடாய் என்ற சொல்லை எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம்.

மருத்துவர் சீட்டு ஏன் என்றால், அண்ணா பல்கலைக்கழக விதிமுறை 65 முதல் 75 சதவீதம் வரை உள்ளவர்களுக்கு விலக்கு தருவது மருத்துவமனையில் சேர்ந்தது, விபத்து, குறிப்பிட்ட நோய் போன்ற காரணங்களுக்குத்தான். பல கலைக் கல்லூரிகளிலும் இந்த இடைவெளியில் உள்ளவர்கள் கண்டனேஷன் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான) கட்டணமும் சான்றும் கொடுக்க வேண்டும். "பீரியட்ஸ்" என்று சொன்னால் எந்தக் கட்டத்திலும் பொருந்தாது. "டிஸ்மெனோரியா" (கடும் மாதவிடாய் வலி) என்றோ, "எண்டோமெட்ரியோசிஸ்" (கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) என்றோ டாக்டர் எழுதினால் அது நோய். செமஸ்டர் கடைசியில் ஓடி அலைந்து சான்று வாங்குவதைவிட, டாக்டரைப் பார்த்த அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஹாஸ்டல்

ஹாஸ்டலில் பெரும் சண்டை நாப்கினை எங்கே போடுவது என்பதில்தான் வரும். கழிப்பறைக் குழிக்குள் போட்டால் அடைக்கும், ஜன்னல் வழியே போட்டால் நாய் இழுக்கும், பிறகு அதைக் கையால் எடுப்பவர் ஒரு துப்புரவுப் பணியாளர் அக்கா. செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். தொட்டியே இல்லையென்றால் அது வார்டனின் தவறு. மாடிக்கு இத்தனை தொட்டி, தினமும் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

தீட்டு பார்க்கும் ஹாஸ்டல்கள் இன்னும் இருக்கின்றன. தனித் தட்டு, தனி மூலை, பூஜை அறைப் பக்கம் போகாதே. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பூஜ் நகரில், விடுதியில் மாதவிடாய் விதியை மீறியது யார் என்று கண்டுபிடிப்பதற்காக 68 மாணவிகளை உள்ளாடையைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். முதல்வர் உட்படக் கைதானார்கள். உங்கள் ஹாஸ்டலில் சின்ன அளவில் இப்படி ஏதாவது நடந்தாலும், யாருக்கு மாதவிடாய் என்று நோட்டில் கையெழுத்து வாங்கினாலும், அது வழக்கம் என்று விடாதீர்கள். கல்லூரியின் பெண்கள் குழுவுக்கு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து எழுதுங்கள்.

எட்டாம் படி: டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம்

மாத்திரை சரியான நேரத்தில் போட்டும் மூன்று மாதமாக வலி அடங்கவில்லை. வருடத்துக்கு வருடம் வலி கூடுகிறது. பீரியட்ஸ் இல்லாத நாளிலும் அடிவயிறு வலிக்கிறது, மலம் கழிக்கும்போது உயிர் போகிறது. மூன்று மாதமாக வரவே இல்லை. வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வாழவே பிடிக்காத மனநிலை, வந்ததும் அது மறைவது. இவை எதுவும் "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்ற பட்டியலில் சேராது.

எண்டோமெட்ரியோசிஸ் உலகில் கருத்தரிக்கும் வயதிலுள்ள பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டுபிடிக்கப் பல வருடம் ஆவதற்கு முக்கியக் காரணம், வலி சகஜம்தான் என்று வீட்டிலும் வெளியிலும் சொல்லிச் சொல்லி அனுப்பிவிடுவது. ஹார்மோன் கோளாறால் பீரியட்ஸ் தள்ளிப்போகும் பி.சி.ஓ.எஸ். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது.

கல்யாணமாகாத பிள்ளைகள் மகப்பேறு டாக்டரிடம் போக அஞ்சுவது, உள்ளே கையை விட்டுப் பார்ப்பார்களோ என்றுதான். அப்படி இல்லை. பேசிக் கேட்பார்கள், வயிற்றின் மேல் அழுத்திப் பார்ப்பார்கள், ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். ஸ்கேன் என்றாலும் நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து வயிற்றுக்கு மேலேயே எடுப்பார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. முதல் படியில் சொன்ன நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் ஒரு டாக்டருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் "வலிக்குது டாக்டர்" என்பதைவிட, "நாலு மாசமா முதல் நாள் வலி பத்துக்கு ஒன்பது, பதினோரு நாள் காலேஜ் போகல" என்பது வேறு பதிலை வாங்கித் தரும்.

ஒன்பதாம் படி: கல்லூரியிடம் கேட்பது

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023 ஜனவரியில் மாணவிகளுக்கு ஒவ்வொரு செமஸ்டரிலும் அட்டெண்டன்ஸில் கூடுதலாக 2 சதவீதச் சலுகை கொடுத்தது. மாணவர் பேரவை கேட்டு வாங்கியது அது. சில நாட்களிலேயே கேரள அரசு உயர்கல்வித் துறையின் கீழ் உள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் அதை விரிவாக்கியது. மாணவிகள் 73 சதவீதம் இருந்தாலே தேர்வு எழுதலாம். சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகம் 2024-இல் மாதம் ஒரு நாள், செமஸ்டருக்கு அதிகபட்சம் நான்கு நாள் விடுப்பு என்று கொண்டுவந்தது. தேர்வு, செய்முறை, வைவா நாட்களுக்கு அது செல்லாது.

இரண்டையும் வரவேற்கிறேன், ஆனால் கணக்கையும் பாருங்கள். 90 நாளில் 2 சதவீதம் என்றால் இரண்டு நாள்கூட முழுதாக இல்லை. விளிம்பில் நிற்கிறவளைக் காப்பாற்றும், தவறிய லேபைத் திருப்பித் தராது. மாதவிடாய் விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்ற கவலையை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் வெளிப்படுத்தியது. வேலை விஷயத்தில் அது விவாதிக்க வேண்டிய கவலைதான். கல்லூரிக்கு அது பொருந்தாது. அட்டெண்டன்ஸ் சலுகை கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று எந்தக் கல்லூரியும் மாணவிகளைச் சேர்க்காமல் விடப்போவதில்லை.

ஸ்காட்லாந்தில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பல்கலைக்கழகங்கள் நாப்கினை இலவசமாக வைத்தாக வேண்டும். நம் கல்லூரிகளில் வெண்டிங் மெஷின் இருக்கிறது, திறப்பு விழா போட்டோவும் இருக்கிறது. பல இடங்களில் மெஷினுக்குள் நாப்கின் இல்லை. ஆகவே கேட்கும்போது "மெஷின் வேண்டும்" என்று கேட்காதீர்கள். வாரம் ஒருமுறை நிரப்புவது யார், அவர் பெயர் என்ன என்று கேளுங்கள்.

மனு கொடுக்குமுன் நான்கு பேர் சேர்ந்து ஒரு மதியம் கல்லூரியின் எல்லாக் கழிப்பறைகளையும் சுற்றி வாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, வாளி இருக்கிறதா, மூடியுள்ள தொட்டி இருக்கிறதா, பை மாட்ட ஆணி இருக்கிறதா, வகுப்பிலிருந்து நடந்து போய்வர எத்தனை நிமிடம், அடுத்த வகுப்புக்கு இடையில் மணி அடித்து எத்தனை நிமிடம் தருகிறார்கள். தளவாரியாக எழுதி, போட்டோவோடு கொடுங்கள். மாதவிடாய் வரும் திருநம்பி மாணவர்களுக்கு ஆண்கள் பக்கக் கழிப்பறையில் ஒரு தொட்டிகூட இருப்பதில்லை, அதையும் சேருங்கள். கையெழுத்துகளில் வகுப்புப் பையன்களுடையதும் இருக்கட்டும். கேட்டால் போடுகிறார்கள், கேட்காமல் நாம்தான் விட்டுவிடுகிறோம்.

மனுவில் மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். தொட்டியும் தண்ணீரும் ஒரு மாதத்துக்குள். தவறிய லேபை அதே வாரம் வேறு பேட்சில் செய்ய எழுத்துப்பூர்வ அனுமதி. செமஸ்டருக்கு நான்கு நாள் அட்டெண்டன்ஸ் சலுகை, சான்று கேட்காமல். முதல் இரண்டையும் முதல்வரே கையெழுத்திட்டு நடைமுறைப்படுத்தலாம். மூன்றாவது தன்னாட்சிக் கல்லூரி என்றால் அகாடமிக் கவுன்சிலுக்கும், இல்லையென்றால் பல்கலைக்கழகத்துக்கும் போக வேண்டும். கவுன்சில் எப்போது கூடுகிறது என்று அலுவலகத்தில் கேட்டு, நிகழ்ச்சி நிரல் தயாராகும் முன்பே மனுவைக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.